பாலியஸ்டர் என்று விற்ற ஆன்டெனாக் கயிறு அறுந்தது குறித்துப் புகார்

பெறுநர்:
குறைதீர் அலுவலர் அவர்கள்

பொருள்: தவறான விவரத்துடன் விற்கப்பட்ட கயிறு, கப்பிகளுக்குப் பணம் திரும்பக் கோருதல்

ஐயா / அம்மா,

வணக்கம். "வெயில் தாங்கும் 6 மி.மீ. பாலியஸ்டர் கயிறு, ஆன்டெனா கட்ட ஏற்றது" என்று உங்கள் தளத்தில் போட்டிருந்ததை நம்பி ஒரு சுருளும், கூடவே கப்பிகளும் வாங்கினேன். கோடை முடிவதற்குள் கயிறு வெளுத்து, தொட்டாலே நார் தூளாக உதிர்ந்தது. அப்புறம் ஒரு மூலையில் அறுந்தே போனது. புகார் செய்தால், "அளவுக்கு மீறி இறுக்கிக் கட்டியிருக்கிறீர்கள், உத்தரவாதத்தில் வராது" என்று பதில் வருகிறது. எப்படிக் கட்டினேன் என்று ஒரு வார்த்தை கேட்காமலே!

நான் உரிமம் பெற்ற ஹாம், அதாவது பொழுதுபோக்காக வானொலித் தொடர்பு செய்பவர்களில் ஒருவர். 80 மீட்டர் அலைவரிசைப் பட்டையில் 3.6 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு முழு அலைநீள லூப் (வளைய) ஆன்டெனா, அதாவது சுமார் 85 மீட்டர் செம்புக் கம்பி, சதுரமாகக் கட்டியிருந்தேன். இரண்டு மூலைகளுக்குத் தென்னை மரம், மற்ற இரண்டுக்கு இரும்புக் குழாய். தென்னை ஆடும். அதில் கம்பியை அசையாமல் முடிந்து வைத்தால் ஒரு பெருங்காற்றுக்குத் தாங்காது. அதனால் மூலையில் கம்பி இன்சுலேட்டருக்குள் (மின்சாரம் கடத்தாத பிடிப்புக்குள்) நழுவும்படி விட்டு, இன்சுலேட்டரைப் பிடிக்கும் கயிற்றைக் கப்பி வழியாகக் கீழே இறக்கி, நுனியில் மணல் வாளியைத் தொங்கவிட்டிருந்தேன். மரம் வெளிப்பக்கம் சாய்ந்தால் வாளி ஏறும், திரும்பினால் இறங்கும். கயிற்றுக்கு வரும் இழுவை வாளியின் எடையை ஒட்டித்தான் இருக்கும். இதில் அளவுக்கு மீறி இறுக்குவது எங்கே?

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 1.6 மி.மீ. செம்புக் கம்பி மீட்டருக்கு 18 கிராம். 21 மீட்டர் பக்கத்தில் நடுவே அரை மீட்டர் தொய்வு விட்டால் கம்பியின் இழுவிசை சுமார் 2 கிலோ. இரண்டு பக்கங்கள் செங்கோணத்தில் சேரும் மூலையில் அது 3 கிலோவைத் தொடாது. வாளியின் எடையும் அவ்வளவுதான். ஆன்டெனாவை வானொலிப் பெட்டியோடு இணைக்கும் ஃபீடர் கேபிளின் பாரம் இரும்புக் குழாய் மூலையில் இருக்கிறது, அறுந்த மூலையில் இல்லை. அசல் 6 மி.மீ. பாலியஸ்டர் கயிறு நூற்றுக்கணக்கான கிலோ தாங்கும்.

சந்தேகம் வந்து, பயன்படுத்தாத மீதிக் கயிற்றில் ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டு, காற்றுக் குமிழி போகப் பிசைந்து விட்டேன். மிதந்தது. பாலியஸ்டர் தண்ணீரைவிடக் கனமானது, மூழ்க வேண்டும். நைலானும் மூழ்கும். மிதப்பது பாலிபுரொப்பிலீன் போன்ற இழைகள்தான். வெயில் தடுப்புச் சேர்க்காத பாலிபுரொப்பிலீன் புற ஊதாக் கதிரில் இப்படித்தான் பொடிந்து போகும். நம்பிக்கை இல்லையென்றால் உங்கள் கிடங்கிலேயே ஒரு வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள்.

கப்பியும் சரியில்லை. சக்கரத்துக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவே கயிறு நழுவி விழும் அளவுக்கு இடைவெளி. 12 மீட்டர் உயரத்தில் கயிறு சிக்கினால் மரம் ஏற ஆள் தேட வேண்டும், அந்தக் கூலிக்கு நல்ல கப்பியே வாங்கிவிடலாம்.

மின்கம்பிக்கு எட்டாத இடத்தில் கட்டியிருந்ததால், கயிறு அறுந்ததும் கம்பி பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் விழுந்ததோடு போயிற்று.

மாற்றுக் கயிறு வேண்டாம். கயிறு, கப்பி இரண்டுக்கும் முழுப் பணம் திருப்பித் தர வேண்டும். தளத்தில் உள்ள 'பாலியஸ்டர்' என்ற விவரத்தையும் நீக்க வேண்டும். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டியது உங்கள் பொறுப்பு. தவறினால் எங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

அறுந்த துண்டின் படமும் ரசீதின் நகலும் இணைத்துள்ளேன். மீதிக் கயிறு என்னிடம் இருக்கிறது. உங்கள் செலவில் ஆள் அனுப்பினால் ஒரு துண்டு வெட்டித் தருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்