கல்லட்டி இறங்காதே, அம்மிணி

குன்னூர்,
ஞாயிறு ராத்திரி

அம்மிணிக்கு அப்பா எழுதிக்கிறது.

இங்க எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டி வலி தேவலை. மாடி ரூம் சாவி நீ சொன்ன இடத்துலயேதான் இருந்துச்சு. போன வாரம் ரெண்டு தடவை மெசேஜ் போட்டேன். நீலக் கோடு விழுந்துச்சு, பதில் வரலை. ஆபீஸ்ல வேலை இருக்கும்னு அம்மாகிட்ட சொல்லி வச்சிருக்கேன்.

கார்ல போறப்ப கேக்கன்னு நீயும் உன் சிநேகிதங்களும் சேர்த்து வச்சு, நீ அனுப்பின 25 பாட்டையும் பட்டறை ஸ்பீக்கர்ல போட்டுக் கேட்டுட்டேன். ஆளுக்கு அஞ்சு பாட்டு, மத்த நாலு பேரும் முன்னால கேட்டிருக்கக் கூடாதுங்கிற உங்க கட்டுப்பாடு நல்ல கட்டுப்பாடு. அந்த சகாரா பாலைவனத்து ஆளுங்க, தினாரிவென், அவங்க கிடார் மனசுல நின்னுருச்சு. பாஷை ஒரு எழுத்து புரியலை. ஆனா நல்லா டியூன் பண்ணின டீசல் எஞ்சின் ஐடிலிங்ல நிக்கிற மாதிரி ஒரே சீரா ஓடுது. 2012ல கிராமி வாங்கினவங்கன்னு பட்டறைப் பையன் தேடிச் சொன்னான். நஞ்சியம்மா பாட்டைக் கொண்டு வந்தது யாரு? அட்டப்பாடி இருளர் அம்மா, 2022ல தேசிய விருது அறிவிச்சாங்களே, அவங்க. உங்க அஞ்சு பேர்ல நல்ல காது உள்ள ஆள் ஒருத்தர் இருக்காங்க.

சகாரா வரைக்கும் தேடற பிள்ளைங்க பக்கத்து மலையையும் கேக்கணும். நீலகிரியில கோத்தருக்கு ஏழு ஊர். நாதஸ்வரம் மாதிரி ஒரு ஊதல், தோல்பறை, வளைஞ்ச பித்தளைக் கொம்பு, எல்லாம் அவங்க கையில இருக்கு. அந்தக் காலத்துல தோடர் வீட்டுச் சாவுக்கும் படகர் வீட்டுச் சாவுக்கும் அவங்கதான் வாசிப்பாங்க. அய்யனோர் அம்மனோர் பண்டிகை மார்கழி, தை வாக்குல வரும். அதையொட்டியே பேரகணியில ஹெத்தை பண்டிகையும் வரும், படகப் பாட்டு கேக்கலாம். போனா முதல்ல ஊர்ப் பெரியவங்ககிட்ட கேட்டுக்கோ. கேக்காம போனை நீட்டிப் பதிவு பண்ணாதே.

வர்ற சனிக்கிழமை நீங்க மறுபடி பெங்களூர்லேர்ந்து கிளம்பறதா அம்மா சொன்னா. ஊட்டி வந்துட்டு கல்லட்டி மலை ரோடு வழியா இறங்கி மசினகுடியில தங்கறதாம். ஊட்டிக்கும் நம்ம வீட்டுக்கும் இருபது கிலோமீட்டர்கூட இல்லை. அதை இப்ப பேச வேண்டாம்.

கிளம்பறதுக்கு முன்னால பிரேக் ஆயிலை மாத்திடு. மேல ஊத்தறது இல்லை, முழுசா மாத்தறது. டாட் 4ங்கிற ரகம், சீல் உடைக்காத டப்பா, அரை லிட்டர் ரெண்டு வாங்கிக்கோ. ஒண்ணு போதும்னு கடைக்காரர் சொல்வார், கேக்காதே.

பாட்டு விஷயம். பந்திப்பூர் காட்டுக்குள்ள நுழைஞ்சா சிக்னல் போயிடும், குண்டல்பேட்டையிலயே எல்லாத்தையும் டவுன்லோடு பண்ணிக்கோங்க. போன் பின் சீட்டுல ஒருத்தர் கையில இருக்கட்டும். ஓட்டறவங்க பாட்டை மாத்தவே கூடாது, பிடிக்காத பாட்டா இருந்தாலும் வளைவு முடியற வரைக்கும் அது ஓடட்டும். ராத்திரி 9லேர்ந்து காலை 6 வரைக்கும் பந்திப்பூர் ரோடு அடைச்சிருக்கும்னு உனக்கே தெரியும். 9 மணிக்கு கேட்டைப் பிடிக்கிறேன்னு விரட்டிட்டு வராதே. முதுமலைக்குள்ள பாட்டு வேண்டாம், கண்ணாடியை ஏத்திக்கோங்க, எங்கயும் இறங்காதீங்க. ஆனை நின்னா ஹாரன் அடிக்காம தள்ளி நிறுத்தி, ரிவர்ஸ் போட வழி வச்சுக்கோ.

மலை ரோட்டுல முன் கண்ணாடி ரெண்டையும் நாலு விரக்கடை இறக்கி வை. வளைவுக்கு அந்தப் பக்கம் பஸ்காரன் அடிக்கிற ஹாரன் காதுல விழணும். அதைவிட முக்கியம், உன் வண்டியோட சத்தம் காதுல விழணும். பிரேக் பேடுல ஒரு சின்ன இரும்பு நாக்கு இருக்கும். பேடு ரெண்டு மூணு மில்லிமீட்டருக்குத் தேஞ்சதும் அது டிஸ்க்குல உரசி கீச்சுனு கத்தும். அந்தக் கீச்சை பாட்டு அமுக்கிடும். அதுக்கப்புறம் இரும்பும் இரும்பும் அரைச்சு டிஸ்க்கே போயிடும். மாசத்துக்கு நாலு வண்டி அப்படி இங்க வருது. "சத்தமே வரலைங்களே"ன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. மணிக்கு ஒரு தடவை அஞ்சு நிமிஷம் பாட்டை நிறுத்திட்டு வண்டியைக் கேளு. பின்னாடி மாட்டியிருக்கிற அந்த சப்வூஃபருக்கு பேட்டரியிலேர்ந்து ஒயர் போகுதே, பேட்டரியிலேர்ந்து ரெண்டு சாணுக்குள்ள ஃபியூஸ் இருக்கான்னு பாரு. இல்லைன்னா ஒயர் பாடியில உரசற அன்னிக்குத் தீ பிடிக்கும்.

ஏறும்போது முதல் கியர், ரெண்டாவது கியர், அவ்வளவுதான். டிராஃபிக்ல நின்னா கிளட்சைப் பாதி மிதிச்சு வண்டியைப் பிடிச்சு நிறுத்தாதே. ஹேண்ட்பிரேக் போடு, நியூட்ரல் பண்ணு, காலை எடு. கருகின வாசனை வந்தா கிளட்ச் பிளேட், இருபது நிமிஷம் ஓரம் கட்டு. சூட்டு முள் ஏறினா ஏசியை அணைச்சுட்டு ஹீட்டரைப் போடு. உள்ள வெந்து போகும், ஆனா எஞ்சின் பிழைச்சுக்கும். ரேடியேட்டர் மூடியை அப்ப தொடாதே. ஏறி வர்ற வண்டிக்குத்தான் வழி, இறங்கறவங்கதான் நிக்கணும். இதெல்லாம் உனக்குத் தெரியும். பர்லியார் வளைவுல ரிவர்ஸ் எடுத்து அந்த லாரிக்கு நீ வழி விட்ட அழகை இன்னிக்கும் ஸ்டாண்டுல சொல்லுவாங்க. இந்த ஊர்ல உன் வயசுப் பசங்க எவனும் கியரை உன்னை மாதிரி காதால மாத்தறது இல்லை. அது எனக்குப் பெருமைதான், நேர்ல சொன்னதில்லை.

ஆனா இறக்கம் வேற. தலைகுந்தாவிலேர்ந்து இறங்கினா 36 கொண்டை ஊசி வளைவு, மசினகுடி போய்ச் சேரும்போது ஆயிரம் மீட்டருக்கு மேல இறங்கியிருப்பே. வெளியூர் வண்டியை அந்த வழியா இறங்க விடறதில்லை, கூடலூர் சுத்தித்தான் அனுப்பறாங்க. உன் வண்டி டி.என். 43, நீலகிரி நம்பர். அதைப் பார்த்து விட்டுடுவாங்க. வெளியூர் வண்டி நீலகிரிக்கு வர எடுக்கிற இ-பாஸும் உனக்கு வேண்டாம். அதுதான் எனக்குப் பயமே. வழி திறந்திருக்கிறதால நீ இறங்கிடுவே.

அஞ்சு பேர், பை, சப்வூஃபர். அத்தனை எடையும் இறங்கி வர்ற வேகத்தை டிஸ்க்கும் பேடும் சூடா மாத்தித்தான் நிறுத்தணும். அந்தச் சூடு, பேடை டிஸ்க் மேல அமுக்கற காலிப்பருக்குள்ள இருக்கிற ஆயிலுக்குப் போகும். பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சற சரக்கு, ரப்பர் ஹோஸ் வழியாகூட ஈரம் இறங்கும். புது டாட் 4னா 230 டிகிரி வரைக்கும் கொதிக்காது. நாலு சதவீதத்துக்குக் கிட்ட தண்ணி சேர்ந்துட்டா 155லயே கொதிச்சிடும். கொதிச்சா உள்ள ஆவி. ஆயிலை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். நீ மிதிக்கிற மிதி ஆவியை அமுக்கத்தான் போகும், சக்கரத்துக்குப் போகாது. பெடல் பஞ்சு மாதிரி தரை வரைக்கும் போகும். கொடுமை என்னன்னா, அரை மணி நேரம் நிறுத்தி ஆறினா பெடல் பழையபடி கல்லு மாதிரி நிக்கும். ஒண்ணும் இல்லைன்னு நினைச்சு மறுபடி இறங்குவாங்க.

அதனால ரெண்டாவது கியர், வளைவுல முதல் கியர். நியூட்ரல்ல உருட்டாதே, எஞ்சினை அணைக்காதே. அணைச்சா மிதியை லேசாக்கற பிரேக் பூஸ்டரும் போகும், ஸ்டீயரிங்கும் கல்லாயிடும். பிரேக்கைத் தடவிக்கிட்டே இறங்காதே. ரெண்டு நொடி நல்லா அழுத்து, விடு, காத்து படட்டும். பெடல் இறங்கற மாதிரி தெரிஞ்சா வேகமா நாலு மிதி மிதி, கியரைக் குறை, ஹேண்ட்பிரேக்கை பட்டனை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே கொஞ்சம் கொஞ்சமா இழு, மலைப் பக்கமா ஒட்டி உரசி நிறுத்து. சூடான டிஸ்க்குல தண்ணி ஊத்தாதே, வளைஞ்சிடும்.

எல்லாத்துக்கும் முன்னால பிரேக் ஆயில். தீபாவளிக்கு நீங்கதானே மாத்தினீங்கன்னு கேப்பே. கேளு. கேட்டாலும் மாத்து.

அம்மிணி, நான் மாத்தலை.

அன்னிக்கு கடையில புது டப்பா இல்லை. அலமாரியில திறந்து வச்ச அரை டப்பாதான் இருந்துச்சு. கீழ பஜாருக்குப் போய் வாங்கிட்டு வந்து நாலு சக்கரத்துலயும் இழுத்து முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆகும். உன் சிநேகிதங்க கேட்டுல நின்னுக்கிட்டிருந்தாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு பண்டிகைக்கு வந்தவ, ரெண்டு மணி நேரத்துல கிளம்பறேன்னு நின்னே. எனக்குக் கோபம். போறதுன்னா போகட்டும்னு சிரிஞ்சால வண்டியோட பிரேக் ஆயில் மேல் டப்பாவுல இருந்த கறுப்பை மட்டும் உறிஞ்சி எடுத்துட்டு, அந்தத் திறந்த டப்பா ஆயிலை ஊத்தி மூடினேன். மேலேர்ந்து பார்த்தா தேன் நிறத்துல புதுசாத்தான் தெரியும். "மாத்தியாச்சு, ரெண்டு வருஷத்துக்குப் பயமில்லை"ன்னு நான் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். காலிப்பர்ல, பைப்புல, பின் சக்கர சிலிண்டர்ல நிக்கிறது எல்லாம் மூணு வருஷத்துப் பழசு. வேற யாருக்கும் இந்தப் பட்டறையில இப்படிச் செஞ்சதில்லை. செஞ்சது உனக்கு.

அதுக்கப்புறம் நாலு தடவை மலை ஏறி இறங்கியிருக்கே. நீ ஸ்டேட்டஸ்ல போட்ட ஒவ்வொரு போட்டோவுலயும் நான் பின்னாடி இருக்கிற மேகத்தைப் பார்க்கலை, முன் சக்கரத்தைத்தான் பெருசு பண்ணிப் பார்த்தேன். போன் பண்ணி, ஆயிலை மாத்திக்கோன்னு சொல்ல வாய் எடுப்பேன், நாப்பது வருஷத் தொழில் தொண்டையில நிக்கும். கல்லட்டின்னு அம்மா சொன்னதும் தூக்கம் போச்சு.

இந்த வாரம் வண்டியை மலைக்கு எடுக்காதே. சனிக்கிழமை போறதுன்னா பஸ்ல போங்க, இல்லை மைசூர் வரைக்கும் ரயில்ல போய் வேற வண்டி பிடிங்க. ஊருக்குள்ள ஆபீசுக்கு ஓட்டறதுல இப்போதைக்கு ஆபத்தில்லை, ஆனாலும் மெதுவா. அங்க பட்டறையில குடுக்கணும்னா குடு, ஆனா பழைய ஆயில் நாலு சக்கரத்துலேர்ந்தும் வெளிய வர்றதை நின்னு பாரு. பின் இடது முதல்ல, அப்புறம் பின் வலது, முன் இடது, கடைசியா முன் வலது. கறுப்பு போய் தெளிவா வர்ற வரைக்கும், குமிழி நிக்கிற வரைக்கும். மேல் டப்பா ஒரு தடவைகூட காலியாகக் கூடாது, காத்து இழுத்துடும். பெயின்ட் மேல சிந்தினா உடனே தண்ணி விட்டுக் கழுவணும்.

நானே வர்றதுதான் முறை. புதன்கிழமை காலையில ஊட்டியிலேர்ந்து பெங்களூர் பஸ் ஏறறேன், சாயங்காலம் வந்துடுவேன். புது டப்பா ரெண்டு, 8, 10 ஸ்பேனர், ஒரு முழம் டியூப் என் பையில இருக்கு. அம்மா வர்க்கி குடுத்து விடறா. வண்டியை பார்க்கிங்ல சமமான இடத்துல நிறுத்தி வை, வீல் ஸ்பேனரும் ஜாக்கியும் வெளிய எடுத்து வை. வெளிச்சம் போறதுக்குள்ள முடிக்கணும். இது ஒத்தை ஆள் வேலை இல்லை. கீழ நான் பழைய ஆயில் வெளிய வர்ற நிப்பிளைத் திறப்பேன், உள்ள உக்காந்து பெடல் மிதிக்க ஒரு ஆள் வேணும். மூணு தடவை மிதி, அழுத்திப் பிடி, நான் மூடினேன்னு சொன்னப்புறம் விடு. எட்டு வயசுல ஸ்டூல் போட்டு உக்காந்து மிதிச்சது மறந்திருக்காது.

நீயே மிதி.

அப்பா