‘இது யாருடா வாசிச்சது?’

மச்சான்,

வருகிற டிசம்பர் 1 ராத்திரி அந்தப் பாட்டை வெளியிடுகிறேன், 2015 சென்னை வெள்ளத்தைப் பற்றி நீ டிரம்ஸும் நான் கிடாரும் வாசித்த நம் மெட்டல் பாட்டை. முடிவெடுத்துவிட்டேன், இனி தள்ளிப்போட மாட்டேன். போனில் சொல்ல வேண்டிய விஷயம்தான் இது. உன் புது எண் நம்மோடு பேஸ் கிடார் வாசித்தவனிடம் இருக்கிறது, கேட்க எனக்கு வாய் வரவில்லை. நான் இங்கே எழுதுவதை நீ இப்போதும் படிப்பதாக அவன் ஒருமுறை வாய்தவறிச் சொன்னான். அதை நம்பித்தான் எழுதுகிறேன்.

நம் இரண்டு பேரையும் தெரிந்த சிலர் இதைப் படிப்பார்கள். அதனால் சில விஷயங்களை எழுதப்போவதில்லை. பணக் கணக்கு இங்கே வேண்டாம். 2018 மார்ச்சில் உங்கள் வீட்டில் நடந்தது பற்றியும் எழுத மாட்டேன், அது உங்கள் வீட்டு விஷயம். நான் வந்திருக்க வேண்டும். அதை மட்டும் சொல்லிவிடுகிறேன். எழுத வந்தது அதற்கு ஒரு மாசம் முன்னால் காரில் நடந்ததைப் பற்றி.

அதை எத்தனையோ முறை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். பெசன்ட் நகர் கடற்கரை, ராத்திரி பத்து மணி இருக்கும், அப்பாவின் பழைய மாருதி. எல்லா வாத்தியத்தையும் சேர்த்துச் சமன் செய்த மிக்ஸ் தேறுமா தேறாதா என்பது கார் ஸ்பீக்கரில் போட்டால்தான் தெரியும் என்று நீதான் சொல்லுவாய். பென் டிரைவைச் செருகினேன். உன் மடியில் பேப்பரில் மிளகாய் பஜ்ஜி. முதல் ரிஃப் வந்து இடமும் வலமும் கிடார் சுவர் மாதிரி எழுந்து நின்றதும் “செமடா” என்றாய். டேஷ்போர்டில் விரலால் வாசிக்க ஆரம்பித்தாய். நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை. விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், ஏனென்றால் எந்த இடம் வரப்போகிறது என்று எனக்குத் தெரியும்.

ஒரு நிமிடம் 52 நொடி. தகதகிட என்று ஐந்து ஐந்தாக எண்ணும் தாளம் தொடங்கும் இடம். உன் வலது கை ஸ்பீக்கரோடு சேர்ந்தே விழுந்தது. இடது கை மட்டும் நடுநடுவே எதையோ மெல்லத் தட்டியது, அதற்கு ஸ்பீக்கரில் ஒன்றும் வரவில்லை. இரண்டு சுற்று அப்படியே தட்டினாய். அப்புறம் இடது கை நின்றது. கொஞ்ச நேரத்தில் வலது கையும்.

“இது யாருடா வாசிச்சது?”

“நீதான்” என்றேன்.

பாட்டு இன்னும் இரண்டரை நிமிடம் ஓடியது. நீ கடைசிவரை கேட்டாய். பஜ்ஜியைப் பேப்பரோடு மடித்து டேஷ்போர்டில் வைத்தாய். கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டு, ரோட்டைக் கடந்து மணலில் இறங்கிப் போனாய். அறைந்து சாத்தியிருந்தால் நானும் இறங்கி ஓடி வந்திருப்பேன் என்று நினைக்கிறேன். அரை மணி நேரம் காத்திருந்தேன். அப்புறம் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அந்த “நீதான்” என்ற ஒரு வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்கிறேன். வேறு எதற்கும் இல்லை என்று இதன் முதல் வடிவத்தில் எழுதியிருந்தேன். இப்போது அடித்துவிட்டேன். ஆனாலும் மற்றவற்றுக்கு என்னிடம் காரணம் இருக்கிறது, அதை நீ கேட்டுத்தான் ஆக வேண்டும்.

பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 180 தட்டு. இரண்டு காலாலும் கிக் டிரம்மை உதைக்கும் டபுள் பெடல் ஓடும் இடத்தில், தட்டுக்கு நாலாக, நொடிக்கு 12 உதை, ஒரு உதைக்கும் அடுத்ததற்கும் நடுவே 83 மில்லிநொடிதான். பின்பாதியில் உன் வலது கால் 15, 20 மில்லிநொடி பின்தங்கியது. வேறு இசையாக இருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள், அழகு என்றுகூடச் சொல்லியிருப்பார்கள். நம் பாட்டில் கிடார் ஒவ்வொரு உதையோடும் ஒட்டி விழ வேண்டும். இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் இரண்டு என்று நான்கு ரிதம் டிராக், நான்கையும் காதில் சீராக டிக் டிக் என்று ஒலிக்கும் கிளிக்கைக் கேட்டு வாசித்திருந்தேன். உள்ளங்கையால் தந்தியை அமுக்கி வாசிக்கும் பாம் மியூட்டும் கிக்கும் ஒரே நேரத்தில் விழுந்தால்தான் அது அடி. கொஞ்சம் விலகினாலும் வெறும் குழப்பம். அதனால் உன் கிக்கையும், கையால் அடிக்கும் ஸ்னேர் டிரம்மையும் கணினியில் பிடித்து கிரிட்டில், கிளிக்கின் சரியான கட்டங்களில், உட்கார வைத்தேன். இதை உலகத்தில் பாதி மெட்டல் ஆல்பங்களில் செய்கிறார்கள், உனக்கும் தெரியும்.

அதோடு நின்றிருக்கலாம். வளசரவாக்கம் மாடி அறையில், சுவரில் சாய்த்த மெத்தைகளுக்கு நடுவே நாம் பிடித்த கிக் சத்தம் அட்டைப்பெட்டியைத் தட்டுகிற மாதிரி இருந்தது. முன்பே யாரோ பதிவு செய்து வைத்த டிரம் அடியின் சத்தத்தை, சாம்பிளை, சேர்த்தேன். முதலில் பாதிக்குப் பாதி. அப்புறம் உன்னுடையதைக் கொஞ்சம் இறக்கினேன். இன்னும் கொஞ்சம். ஒரு நாள் விடியற்காலை மூன்று மணிக்கு உன்னுடையதை முழுக்க மூடிவிட்டுக் கேட்டேன். வெளிநாட்டு ஆல்பம் மாதிரி இருந்தது. அன்றைக்கு எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது.

ஸ்னேர்தான் மோசம். சாம்பிளால் மாற்றும்போது ட்ரிகருக்கு ஒரு த்ரெஷோல்ட் வைக்க வேண்டும். அதற்கு மேலே வருவதை அடி என்று மென்பொருள் எடுத்துக்கொள்ளும், கீழே இருப்பதை விட்டுவிடும். பக்கத்து ஹைஹாட் சிம்பலின் சத்தம் ஸ்னேர் மைக்கில் நிறைய ஒழுகியிருந்தது. அதை விலக்க த்ரெஷோல்டை ஏற்றினேன். ஹைஹாட்டோடு உன் இடது கை நடுநடுவே மெல்லத் தட்டும் கோஸ்ட் நோட் அத்தனையும் போய்விட்டன. தெரியாமல் நடந்தது என்று சொன்னால் அதுவும் பொய். எங்கெங்கே போயின என்று எனக்குத் தெரியும். இவ்வளவு கிடாருக்கு அடியில் எவனுக்குக் கேட்கப்போகிறது என்று விட்டேன்.

உனக்குக் கேட்டது.

உன்னோடு மனசுக்குள் நிறைய வாதாடியிருக்கிறேன். ஸ்வீடன் மெட்டல் குழு மெஷுகாவே 2005இல் ஒரு முழு ஆல்பத்தை புரோகிராம் செய்த டிரம்ஸில்தானே போட்டார்கள் என்பேன். அதற்கு நீ என்ன சொல்வாய் என்பதும் எனக்கே தெரியும். அந்தச் சாம்பிள்களே அவர்கள் டிரம்மர் தோமஸ் ஹாகே அடித்தவை, அவருக்குத் தெரிந்து நடந்தது. உனக்குத் தெரிந்து நடக்கவில்லை. அந்த இடத்தில் என் வாதம் நின்றுவிடும்.

ஆனால் நானும் ஒன்று கேட்கிறேன். மிக்ஸ் நடந்த ஆறு மாசத்தில் ஒரு நாளாவது வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாயா? “நீ பார்த்துக்கோடா” என்றாய். பார்த்துக்கொண்டேன். வேலை முடிந்து வந்து, சாப்பிட்டு, பதினோரு மணியிலிருந்து மூன்று மணிவரை ஹெட்போனைக் கழற்றாமல் பார்த்துக்கொண்டேன். அந்த வருஷம் இடது காதில் ஆரம்பித்த மெல்லிய விசில் இன்றுவரை நிற்கவில்லை, இதை எழுதும்போதும் கேட்டுக்கொண்டிருக்கிறது. 2009இல் சென்னை ஐஐடியின் சாரங் விழாவில் ஓபெத் மெட்டல் குழு வாசித்த ராத்திரி, அங்கே திறந்தவெளி அரங்கின் படிக்கட்டில், பெயர்கூடத் தெரியாத என் தோளில் தாளம் போட்டவன் நீ. அப்படிப்பட்டவனுக்குக் காரில் என் தோளில் ஓர் அறை விடத் தோன்றவில்லையா? எனக்குச் சொல்ல வேண்டியதை மற்றவர்களிடம் போய்ச் சொன்னாய், உன்னைத் தூக்கிவிட்டு மெஷினைப் போட்டேன் என்று. அது சுற்றி வந்து என் காதில் விழுந்தபோது மெஷின் என்ற அந்தச் சொல் நிஜம் என்பதால்தான் அவ்வளவு வலித்தது. ஏழு வருஷம்டா.

சரி.

இந்த ஆடியில் பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்து 2017 ஆடியில் நாம் பிடித்த மூல டிராக்குகளைத் திறந்தேன். இந்த வருஷம் வெள்ளத்துக்குப் பத்து வருஷம், பாட்டை முடித்துவிடலாம் என்ற எண்ணத்தில்தான். ஏழாவது டேக்கில் நீ அடிக்க ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒன்பது நிமிடம் பதிவாகியிருக்கிறது, உனக்கு ஞாபகம் இருக்கிறதா? தெருமுனை அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள், குழாய் ஸ்பீக்கரில் எல்.ஆர். ஈஸ்வரி. “பாட்டு முடியட்டும்டா, அப்புறம் அடிக்கலாம்” என்கிறாய். ஒன்று முடிந்து இன்னொன்று ஆரம்பிக்கிறது. நீ ஒன்றும் சொல்லாமல் காத்திருக்கிறாய். ஸ்டூல் கிறீச்சிடுகிறது. வெளியே மேளம் விழும்போதெல்லாம் யாரும் தொடாத உன் ஸ்னேரின் அடிக்கம்பிகள் தானாக அதிர்கின்றன. ஸ்னேர் மைக்கைத் தனியாகப் போட்டுக் கேட்டேன், அது அம்மன் பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அந்த ஒன்பது நிமிடத்தையும் நான் பழைய மிக்ஸில் முதல் வேலையாக வெட்டியிருந்தேன்.

அப்புறம் நீ அடிக்கிறாய். தலைக்கு மேலே வைத்த ஓவர்ஹெட் மைக்கில் முதலில் வருவது அந்த ரைடு, உன் பெரிய சிம்பல்.

ஜாபர்கான்பேட்டை வீட்டில் தண்ணீர் வடிந்த பிறகு உன் செட்டை மொட்டைமாடிக்குத் தூக்கினோமே, டாம் ஷெல்லின் மரம் ஊறி ஏடு ஏடாகப் பிரிந்து கையோடு வந்தது. கிக் டிரம்முக்குள் நீ கையை விட்டபோது சேற்றோடு ஏதோ ஒரு குழந்தையின் பள்ளிக்கூட அடையாள அட்டை வந்தது. நீ அதைக் கழுவி, கைப்பிடிச் சுவரில் காய வைத்தாய். மொத்தத்தில் பிழைத்தது சிம்பல்கள் மட்டும்தான். உங்க அம்மா குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி அதைப் புளி போட்டுத் தேய்க்க, நீ “அம்மா, வேணாம்மா” என்று ஓடினாய். அதற்குள் ரைடில் பாதி பளபளத்துவிட்டது. ஒன்றரை வருஷம் கழித்து இரவல் செட்டில் நீ வாசித்தபோது உன்னுடையது என்று அந்த அறையில் இருந்தவை அந்தச் சிம்பல்களும் உன் கைகால்களும்தான். என் 2018 மிக்ஸில் நான் விட்டுவைத்ததும் ஓவர்ஹெட்டில் வரும் சிம்பலை மட்டும்தான். அடித்தொனியை எல்லாம் வெட்டிவிட்டு அதை மட்டும் வைத்திருந்தேன். வெள்ளம் விட்டுவைத்ததையே நானும் விட்டுவைத்திருக்கிறேன். இது உறைத்த ராத்திரி நான் தூங்கவில்லை.

இந்த முறை உன்னை நகர்த்தவில்லை. கிடாரை நகர்த்தினேன். கிளிக்கை அணைத்துவிட்டு, உன் கிக்கையும் ஓவர்ஹெட்டையும் காதில் போட்டுக்கொண்டு, நான்கு டிராக்கையும் முதலிலிருந்து வாசித்தேன். மூன்று மாசம் ஆனது. உன் கால் எங்கே பின்வாங்குமோ அங்கே என் வலது கையும் பின்வாங்கப் பழகியது. முதல் மாசம் அது எனக்குப் பிழையாகவே கேட்டது. அப்புறம் பாட்டின் பின்பாதி சேற்றில் கால் வைத்து நடப்பது போல் கனமானது. அதைத்தானே நாம் எழுத நினைத்தோம். கிடாரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே எடுத்துவிட்டேன், அந்த இடம் உனக்கும் பேஸுக்கும். கோஸ்ட் நோட் எல்லாம் இருக்கின்றன, ஹைஹாட் ஒழுகலோடு சேர்த்தே இருக்கின்றன.

தகதகிட வரும் இடத்தை நான் தொடவே இல்லை. அது நான் எழுதியதாகப் பலரிடம் சொல்லியிருக்கிறேன், அதையும் இங்கே திருத்திவிடுகிறேன். ஐந்து ஐந்தாக ஓடும் அந்த ரிஃப்பை எப்படி முடிப்பது என்று தெரியாமல் மூன்று வாரம் வைத்திருந்தேன். சின்ன வயதில் விட்டுப்போன மிருதங்க வகுப்பிலிருந்து நீதான் எடுத்துக் கொடுத்தாய்: தகதகிட பன்னிரண்டு, கடைசியில் ஒரு தகதிமி, ஆக 64, பதினாறு பதினாறாக நாலு பாருக்குள், அதாவது நாலு தாளச் சுற்றுக்குள், உட்கார்ந்துவிடும். தொடையில் தட்டிக் காட்ட உனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வரியைத் தமிழில் எழுதச் சொன்னதும் நீ. க, ட, ற வரும் இடமெல்லாம் கத்தும்போது கல் மாதிரி விழுகிறது. ழ மட்டும் தொண்டையிலேயே கரைந்துவிடுகிறது. ‘ஆழம்’ என்ற சொல்லை மூன்று இடங்களில் மாற்றிவிட்டேன், கடைசி வரியில் மட்டும் வைத்திருக்கிறேன்.

ஒரு விஷயம் உனக்குப் பிடிக்காது. பாட்டு இறங்கிக் கனமாகும் கடைசி பிரேக்டவுனில் உன் கிக்குக்கு அடியில் சாம்பிள் ஒன்று இருக்கிறது. பெடலின் சுத்தியல், பீட்டர், தோலில் மோதும் அந்த ‘டிக்’ 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் வேண்டும், நம் மைக்கில் அது பதிவாகவே இல்லை. அது இல்லாமல் அந்த இடம் நிற்கவில்லை. எடுத்துப் பார்த்தேன், திரும்பப் போட்டேன், நீ சொன்னாலும் எடுக்க மாட்டேன். ஆனால் இந்த முறை நீ கேட்பதற்கு முன்னாலேயே சொல்கிறேன்.

மிக்ஸும், எதையும் வெட்டாத ஏழாவது டேக்கும் பேஸ் வாசித்தவனிடம் கொடுத்திருக்கிறேன். வேண்டுமானால் வாங்கிக்கொள். சிம்பல் பை என் கட்டிலுக்கடியில் பத்திரமாக இருக்கிறது. ரைடில் புளி பட்ட பாதியும் படாத பாதியும் இன்னும் தனித்தனியாகத் தெரிகின்றன.

டிரம்ஸ் என்ற இடத்திலும் இசை என்ற இடத்திலும் உன் பெயர் வருகிறது. விவரங்களை 20ஆம் தேதிக்குள் நான் அனுப்பியாக வேண்டும். இனிஷியலை முன்னால் போடவா, பின்னால் போடவா? பழைய போஸ்டரில் பின்னால் போட்டதற்கு உங்க அப்பா கோபித்துக்கொண்டது ஞாபகம் இருக்கிறது. நீ ஒன்றும் சொல்லாவிட்டால் முன்னால் போட்டுவிடுகிறேன்.