கழிவு டயருக்கு வரிச்சலுகை வேண்டாம்: ஒன்றிய வணிகம், தொழில் துறை அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 ஜூலை 24 அன்று கையெழுத்தான பிரிட்டன் ஒப்பந்தத்தில், விஸ்கி வரியை 150 விழுக்காட்டிலிருந்து 75, பத்தாண்டில் 40 என்று வரி வரியாகப் பேசி முடித்தீர்கள். அதே அக்கறையைக் கழிவு டயருக்கும் காட்டுங்கள். இனி போடும் எந்த ஒப்பந்தத்திலும், இறக்குமதிப் பொருள்களை வகைப்படுத்தும் சுங்கத் தலைப்புகளில் 4004-ன் ரப்பர் கழிவையும் 4012-ன் பழைய டயரையும் வரிச்சலுகை பெறாத பொருள்களின் பட்டியலில் வையுங்கள்.

உலையில் எண்ணெய் எடுப்பதற்காகக் கழிவு டயரை இறக்குமதி செய்ய 2022-லேயே தடை வந்துவிட்டது. ஆனால் பேல் கட்டி வரும் டயர் தூளாக்கும் ஆலைக்கா, உலைக்கா என்பது துறைமுகத்தில் கன்டெய்னரைத் திறந்து பார்த்தாலும் தெரியாது. உலை என்பது ஒரு பெரிய இரும்பு உருளை. டயரைத் திணித்து, கதவை போல்ட் போட்டு மூடி, அடியில் விறகெரித்து 400, 500 டிகிரிக்குச் சூடேற்றுவார்கள். ஆவி குளிர்ந்து எண்ணெயாகும். உள்ளே கரியும் கம்பியும் மிஞ்சும். உருளை ஆறப் பல மணி நேரமாகும். அடுத்த லோடுக்கு அவசரப்பட்டுச் சூட்டோடு திறந்தால், தங்கிய வாயுவில் காற்று கலந்து குப்பென்று பிடித்துக்கொள்ளும். முதலில் வெந்து போவது கதவருகே நிற்கும் தொழிலாளி. ஆறிய பின் திறந்தாலும், கரியை வாருகிறவர் மூச்சோடு அந்தத் தூளையும் இழுக்கிறார். முகத்தில் கட்டிய துணி அதைத் தடுக்காது. எந்த ஒப்பந்தப் பேச்சிலாவது இவரை யாராவது கேட்டார்களா?

தடைதான் இருக்கிறதே என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். பிரேசிலிலும் பழைய டயர், ரீட்ரெட் டயர் (தேய்ந்த டயரில் புது ரப்பர் ஒட்டியது) இறக்குமதிக்குத் தடை இருந்தது. டயரில் தேங்கும் நீரில் டெங்கு கொசு வளர்கிறது, குவித்த டயர் தீப்பிடிக்கிறது என்று அந்நாடு காரணம் சொன்னது. மெர்கோசூர் என்ற தென்னமெரிக்க வர்த்தகக் கூட்டமைப்பில் கூட்டாளியான உருகுவே வழக்குத் தொடுக்க, 2002-ல் அக்கூட்டமைப்பு நாடுகளின் ரீட்ரெட் டயருக்கு மட்டும் வழிவிட நேர்ந்தது. அதையே காட்டி ஐரோப்பிய ஒன்றியம் உலக வர்த்தக அமைப்பின் படியேறியது. தடை மக்கள் உடல்நலத்துக்குத் தேவையானதுதான், கூட்டாளிக்குக் கொடுத்த விலக்கோடு அதை நடைமுறைப்படுத்தியதுதான் பாரபட்சம் என்று 2007 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பு வந்தது. ஒரு கூட்டாளிக்குக் கொடுத்த இடம் தடையையே ஆட்டிவிட்டது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை காய்ந்த டயரிலும் மாதக்கணக்கில் பிழைத்திருந்து, மழைநீர் பட்டதும் பொரிக்கும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் சென்னைக்கு இந்த வழக்கு தூரத்துச் செய்தி அல்ல.

ஒப்பந்த வாசகம் கையெழுத்துக்குப் பிறகே எங்கள் கண்ணில் படுகிறது, அதுவும் ஆங்கிலத்தில். பாதிக்கப்படுகிறவருக்குத் தெரியாமல் முடிவெடுப்பது நியாயமில்லை. அடுத்த வரைவைத் தமிழிலும் வெளியிடுங்கள்; கும்மிடிப்பூண்டியில் ஒரு கருத்துக்கேட்பு நடத்துங்கள். 4004, 4012 இரண்டிலும் கழிவுக்கு எந்த நாட்டுக்கும் சலுகை இல்லை என்று எழுத்தில் உறுதி தருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து, கழிவு மேலாண்மைத் துறையில் பணிபுரிவோர்