ரம்பப் பல்லும் உள்ளீடற்ற பிடியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொள்ளாச்சியில் சாணைப் பட்டறை வைத்திருக்கிறேன். மலையேறும் இளைஞர்கள் 'டாக்டிகல்' (ராணுவப் பாணி) கத்தி என்று கொண்டுவருவதைப் பார்த்து மனம் பொறுக்காமல் எழுதுகிறேன். முதுகில் ரம்பப் பல், அலகில் வரிசையாக ஓட்டை, முனையில் கொக்கி, எல்லாவற்றுக்கும் மேல் கறுப்புப் பூச்சு. அந்த ரம்பத்தால் விரல் தடிமன் குச்சியைக்கூட ஒழுங்காக அறுக்க முடியாது. முதுகில் கட்டையால் தட்டி விறகு பிளக்கலாம் என்றால் அதற்கும் பல் விடாது.

இதைவிட மோசம், 1980களில் ஒரு ஹாலிவுட் படத்தால் பரவிய உள்ளீடற்ற பிடி. தூண்டில் முள்ளும் தீக்குச்சியும் வைக்க இடம் வேண்டுமாம்! அதற்காக, பிடியின் கடைசிவரை ஓட வேண்டிய இரும்பைத் தொடக்கத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள். பாரம் விழுந்தால் மலிவான கத்தி அந்த இணைப்பில்தான் முறிகிறது.

பின்லாந்தின் புக்கோ கத்தியைப் பாருங்கள். நேரான முதுகு, 10 சென்டிமீட்டர் அளவில் அலகு, பிர்ச் மரப்பிடி. சுவீடனின் மோரா கத்தியும் எளிமையானதுதான். மீன் அரியவும் மரம் செதுக்கவும் அது போதும். சாணை பிடிப்பதும் தனி இன்பம்.

விற்பனையாளர்கள் 'ராணுவத் தரம்' என்று போடுவதை விட்டுவிட்டு, எஃகின் வகையையும் அது பிடிக்குள் எவ்வளவு நீளம் செல்கிறது என்பதையும் பெட்டியில் அச்சிடட்டும்.

– சாணைத் தொழிலாளி, பொள்ளாச்சி