உன் கூலியை நோட்டில் எழுது

தக்கலை

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. வேலையை விட்டுவிட்டு ஓசூர் வீட்டிலேயே நம்மூர்ப் பலகாரங்கள் செய்து விற்கலாமா என்றும், குழந்தையையும் பார்த்துக்கொண்டு மாதம் ஏதாவது மிச்சம் பிடிக்க முடியுமா என்றும் கேட்டிருந்தாய். போனில் பேசினால் பாதி நேரம் பேத்தியைக் கொஞ்சுவதிலேயே போய்விடும் என்பதால் எழுதுகிறேன். முடியும். ஆனால் நீ கேட்ட வரிசையில் நான் பதில் சொல்லப் போவதில்லை. உரிமம் எங்கே வாங்குவது, விலை எவ்வளவு வைப்பது என்று நீ தொடங்கினாய். நான் உன் நேரத்திலிருந்தும் அதற்கான கூலியிலிருந்தும் தொடங்குகிறேன்.

நீயும் தம்பியும் சிறுவர்களாக இருந்தபோது பலகார வேலைகளை நான் இரண்டாகப் பிரித்து வைத்திருந்தேன். நடுவில் விட்டுவிட்டு எழுந்து போகக்கூடிய வேலை ஒன்று, எழுந்தால் கெட்டுப்போகும் வேலை இன்னொன்று. முந்திரிக்கொத்துக்குச் சிறுபயிறு புடைப்பதையும் வறுத்து ஆறவைப்பதையும் திரிப்பதையும் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். பிள்ளை அழுதால் அடுப்பை அணைத்துவிட்டுப் போகலாம். கருப்பட்டிப் பாகு காய்ச்சி, பயிற்று மாவு, வறுத்த தேங்காய், எள், சுக்கு, ஏலக்காய் எல்லாவற்றையும் சேர்த்துவிட்ட பிறகு, கை பொறுக்கும் சூட்டிலேயே உருட்டி முடித்தாக வேண்டும். ஆறிப்போனால் மாவு உதிரும், உருண்டை பிடிபடாது. அச்சு முறுக்கும் அப்படித்தான். அச்சு எண்ணெயில் காய்ந்திருந்தால்தான் மாவு ஒட்டும், முக்கால் பங்குக்கு மேல் மாவில் முக்கினால் முறுக்கு கழன்று வராது. கண்ணை எடுக்க முடியாத வேலை. எனவே எண்ணெய்ச் சட்டியும் பாகும் நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரத்தில் மட்டுமே அடுப்பில் ஏறின. புடைத்தல், கவர் ஒட்டுதல், எடை போடுதல் எல்லாம் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும்போது நடந்தன. தம்பி லேபிளைத் தலைகீழாக ஒட்டியதை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது.

பேத்திக்கு இரண்டு வயதுதான் ஆகிறது என்பதால் உனக்கு அந்தப் பள்ளிக்கூட நேரம் இன்னும் வாய்க்கவில்லை. அங்கன்வாடியில் விட்டுப் பார். அது பழகும்வரை, மாப்பிள்ளை வீட்டில் இருந்து குழந்தையை முழுதாகப் பார்த்துக்கொள்ளும் நாள்களில் மட்டும் எண்ணெய் வேலையை வைத்துக்கொள். இதை அவரிடம் உதவியாகக் கேட்காதே. இன்ன கிழமை இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை குழந்தை உங்கள் பொறுப்பு என்று முதலிலேயே பேசி முடிவு செய்துகொள். வீட்டில் இருந்து செய்யும் தொழில் என்றால் எந்த நேரமும் செய்யலாம் என்று ஊரும் உறவும் நினைக்கும், போகப்போக நீயும் அப்படியே நினைக்கத் தொடங்குவாய். கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு பத்து மணிக்கு வந்து ஐந்து கிலோ கேட்டவர்களை நான் இல்லையென்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவர்களில் பலர் அடுத்த ஆண்டு முன்கூட்டியே வந்து சொல்லிவிட்டுப் போனார்கள்.

இனி கூலி. பெரும்பாலான பெண்கள் கணக்கு எழுதும்போது அரிசி, சர்க்கரை, எண்ணெய், கவர் எல்லாவற்றையும் எழுதுவார்கள். தங்கள் உழைப்பை மட்டும் எழுதமாட்டார்கள். ஐந்து மணி நேரம் அடுப்படியில் நின்று, பொருள் செலவு போக நானூறு ரூபாய் மிஞ்சினால் அதை லாபம் என்பார்கள். மணிக்கு அறுபது ரூபாய் என்று உனக்கு நீயே கூலி வைத்துக்கொண்டால் அந்த நானூறில் முந்நூறு உன் கூலி, நூறுதான் தொழிலின் லாபம். உடைந்த முறுக்கும் எரிவாயுவும் பஸ் செலவும் அந்த நூறுக்குள் வருகின்றனவா என்று பார். வரவில்லை என்றால் ஒன்று விலையை ஏற்று, அல்லது அந்தப் பலகாரத்தை விட்டுவிடு. நான் தட்டுவடையை அப்படித்தான் விட்டேன். கடைக்காரர்கள் கொடுத்த விலைக்கு என் கூலி பாதிகூடத் தேறவில்லை. முந்திரிக்கொத்தை வீட்டில் செய்யப் பலருக்குப் பொறுமை இல்லாததால் அதற்குக் கேட்ட விலை கிடைத்தது. எது நன்றாக விற்கிறது என்பதைவிட எது உன் கூலியைக் கொடுக்கிறது என்று பார்த்துத் தேர்ந்தெடு.

மாதக் கடைசியில் அந்தக் கூலியை உண்மையாகவே எடுத்துக்கொள். சேமிப்பு அதிலிருந்துதான் போக வேண்டும், தொழிலில் போட்ட முதலீட்டிலிருந்து போகக் கூடாது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் தொழில் நன்றாகவே நடந்தது; ஆனால் பள்ளிக் கட்டணத்துக்கும் கல்யாண மொய்க்கும் பலகாரப் பணத்திலிருந்தே எடுத்தார்கள், ஓணத்துக்கு ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் போட எண்ணெய் வாங்கக் காசில்லாமல் நகையை அடகு வைத்தார்கள். இரண்டு பணமும் ஒரே டப்பாவில் கிடந்தால் அப்படித்தான் ஆகும். தனியாக ஒரு வங்கிக் கணக்கு தொடங்கி, விற்பனைப் பணம் முழுவதும் அதற்குள் வரும்படி செய். வீட்டுக்கு எடுத்த அரைக் கிலோ முறுக்கையும் நோட்டில் எழுது. கஞ்சத்தனம் என்று உன் மாமியார் நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

மந்த மாதத்துக்கென்று ஒரு பகுதியை ஒதுக்கி வைக்கவும் வேண்டும். நம் குமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்யும். ஜூனில் தென்மேற்கு மழை பிடித்தால் ஈரக்காற்றில் முறுக்கு நமத்துப்போகும், கடைக்காரர்களும் குறைவாகவே எடுப்பார்கள். அதே மாதத்தில்தான் பள்ளிக்கூடம் திறந்து கட்டணமும் புத்தகமும் சீருடையும் சேர்ந்து வரும். வரவு குறையும்போதே செலவு கூடும் என்பதால், கிறிஸ்துமஸ் விற்பனையில் ஒரு பங்கை ஜூன் வரை நான் தொடுவதில்லை. ஓசூரில் மழைக் கணக்கு வேறாக இருக்கலாம். முதல் ஆண்டு முழுவதும் மாதவாரியாக எழுதி வந்தால் உன்னுடைய ஜூன் எது என்று உனக்கே தெரிந்துவிடும்.

பணத்தை எங்கே போடுவது என்று கேட்டிருந்தாய். அஞ்சலகத் தொடர் வைப்பு உனக்குப் பொருந்தும்: மாதம் 100 ரூபாயிலிருந்து கட்டலாம், 5 ஆண்டுகள், ஓராண்டு விடாமல் கட்டிய பிறகு அவசரம் என்றால் இருப்பில் பாதி வரை கடன் வாங்கிக்கொள்ளலாம். பேத்தியின் பெயரில் செல்வமகள் சேமிப்புக் கணக்கும் தொடங்கு. பத்து வயதுக்குள் தொடங்க வேண்டும். ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய், அதிகம் ஒன்றரை லட்சம். 15 ஆண்டுகள் கட்டினால், தொடங்கி 21 ஆண்டுகள் முடிந்ததும் முதிரும். 2024 ஜனவரியில் வட்டியை 8.2 சதவீதமாக உயர்த்தினார்கள், காலாண்டுதோறும் அரசு அதைப் பரிசீலிக்கும். ஆனால் படிப்புக்காகப் பாதிப் பணம் எடுப்பதற்கே பிள்ளைக்குப் பதினெட்டு வயதாக வேண்டும் அல்லது பத்தாம் வகுப்பு முடித்திருக்க வேண்டும் என்பதால், எண்ணெய் வாங்க வேண்டிய பணத்தை உற்சாகத்தில் அங்கே போட்டுவிடாதே. சீட்டு சேர்வதாக இருந்தால் 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு செய்ததா என்று பார்த்துச் சேர். தெருவில் தெரிந்தவர் பிடிக்கிறார் என்பது எனக்குப் போதுமான காரணம் இல்லை. மகளிர் சுயஉதவிக் குழு கிடைத்தால் தயங்காதே. என் முதல் கிரைண்டர் குழுக் கடனில் வாங்கியதுதான், அதன் தவணையையும் என் கூலியில் கட்டவில்லை, தொழிலே கட்டியது.

சட்டப்படி செய்ய வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்யாமல் ஒரு பொட்டலமும் விற்காதே. நான் பதிவு செய்தபோது ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்தான் கட்டணம். இப்போதைய விதியைக் கேட்டுக்கொள். அவர்கள் தரும் 14 இலக்க எண்ணையும், எடையையும், செய்த தேதியையும் லேபிளில் அச்சிட வேண்டும். சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது; பணம் கேட்கும் இடைத்தரகரிடம் போகாதே. வீட்டுக்குத் தரும் 14.2 கிலோ சிலிண்டரைத் தொழிலுக்கு எரிக்கக் கூடாது, 19 கிலோ வணிகச் சிலிண்டர்தான் வாங்க வேண்டும்; அதன் விலை கூடுதல் என்பதால் இப்போதே கணக்கில் சேர்த்துவிடு. வாடகை வீடு என்பதால் வீட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். எண்ணெய் வாசனை மாடி வரை போகும்.

அங்கே இருக்கும் நம்மூர்க்காரர்களுக்கு முந்திரிக்கொத்து ஒன்றை மட்டும் கொண்டு தொடங்கு. அச்சு முறுக்கு, பேத்தி பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆனாலும் அச்சு இரண்டை நாகர்கோவிலிலிருந்து வருபவரிடம் கொடுத்துவிடுகிறேன். புதியது என்பதால் கஞ்சித் தண்ணீரில் ஊறவைத்து, பிறகு எண்ணெயில் போட்டுப் பழக்கி வைத்துக்கொள். முதல் மாத நோட்டின் பக்கங்களைப் படம் பிடித்து எனக்கு அனுப்பு, மக்களே. கூலி என்ற பகுதி காலியாக இருந்தால் உடனே உனக்குப் போன் வரும்.

அன்புடன்,
அம்மா