ஆய்வும் கற்பித்தலும் ஒரே அரங்கில் பேசப்பட வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு வட்டாரத்தின் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் கணிதம் கற்பிப்பவர்களும் கணித ஆய்வில் ஈடுபட்டிருப்பவர்களும் ஓரிரு நாள் ஒன்றுகூடித் தத்தம் வேலையைப் பகிர்ந்துகொள்ளும் கூட்டங்கள் பல நாடுகளிலும் நெடுங்காலமாக நடந்துவருகின்றன. நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை கூடும் அனைத்துலகக் கணித மாநாட்டைப் பற்றியும் அங்கே வழங்கப்படும் உயரிய கணித விருதான ஃபீல்ட்ஸ் பதக்கத்தைப் பற்றியும் நாளிதழ்கள் எழுதுகின்றன, எழுதவும் வேண்டும். ஆனால் கணிதத்தோடு நாள்தோறும் புழங்குபவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அந்த மாநாடு எட்டாதது. அவர்கள் எழுந்து நின்று பேசக்கூடிய, கேள்வி கேட்கக்கூடிய அரங்கு வட்டாரக் கூட்டம்தான். அந்த அரங்கு எப்படி அமைய வேண்டும் என்பது பற்றி, பல ஆண்டுகளாகக் கணிதம் கற்பித்து வருபவள், இத்தகைய கூட்டங்களில் பேசியும் கேட்டும் பயன்பெற்றவள் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

என் வேண்டுகோள் ஒன்றே. ஆய்வுக் கட்டுரைகளுக்கு ஓர் அறை, கற்பித்தல் பற்றிய உரைகளுக்கு வேறோர் அறை என்று ஒரே நேரத்தில் இரு அமர்வுகளை நடத்தும் வழக்கத்தை வட்டாரக் கூட்டங்களேனும் கைவிட வேண்டும். நிகழ்ச்சி நிரலைத் தயாரிப்பவர்களுக்கு இந்தப் பிரிவு வசதியானது என்பதை நான் அறிவேன். பேச விரும்புபவர்கள் அதிகம், நேரம் குறைவு, ஆகவே இரண்டாகப் பிரித்துவிடுகிறார்கள். அதன் விளைவு என்ன? ஆய்வாளர்கள் தம் துறைக்காரர் நான்கைந்து பேருக்குப் பேசிவிட்டுப் போகிறார்கள். ஆசிரியர்கள் தமக்குள் பாடத்திட்டத்தைப் பற்றிக் குறைபட்டுக்கொண்டு கலைகிறார்கள். இரு சாராரும் சந்திப்பது தேநீர் இடைவேளையில் மட்டும் என்றால், ஒரே கூட்டம் என்று அதை எதற்காக அழைக்க வேண்டும்?

இரண்டும் ஒரே அறையில் நடந்தால் என்ன கிடைக்கும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். கணிதம் கற்பிக்கும் எவரும் ஆண்டுதோறும் விடைத்தாளில் காணும் பிழை ஒன்று உண்டு: இரண்டு எண்களின் கூட்டுத்தொகையை வர்க்கப்படுத்தச் சொன்னால், மாணவர் அவற்றின் வர்க்கங்களைக் கூட்டி எழுதிவிடுவார். 3-ஐயும் 4-ஐயும் கூட்டி வர்க்கப்படுத்தினால் 49. தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டினால் 25. இந்தப் பிழையை எப்படித் திருத்துவது என்று ஓர் ஆசிரியர் பத்து நிமிடம் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சதுரம் வரைந்து, அதை நான்கு துண்டுகளாகப் பிரித்து, விடுபட்டுப்போன இரண்டு செவ்வகங்களைக் காட்டுகிறார். நல்ல உரைதான். ஆனால் அதே அறையில் இயற்கணிதத்தில் ஆய்வு செய்பவர் ஒருவர் இருந்தால், அவர் எழுந்து, "அந்த மாணவர் எழுதியது சரியாக அமையும் இடங்களும் கணிதத்தில் உண்டு" என்று சொல்வார். அங்கே பேச்சு வேறு தளத்துக்குப் போய்விடும்.

ஏனென்றால் அது உண்மை. 49-க்கும் 25-க்கும் உள்ள வேறுபாடு 24. அது 2-ஆல் வகுபடும். வர்க்கத்துக்குப் பதிலாகக் கனத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: 2-ஐயும் 3-ஐயும் கூட்டிக் கனப்படுத்தினால் 125, தனித்தனியே கனப்படுத்திக் கூட்டினால் 35, வேறுபாடு 90, அது 3-ஆல் வகுபடும். ஐந்தாம் அடுக்கு எனில் வேறுபாடு 5-ஆல் வகுபடும். ஆனால் நான்காம் அடுக்கில் இது தவறிவிடுகிறது: 1-ஐயும் 1-ஐயும் கூட்டி நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 16, தனித்தனியே எனில் 2, வேறுபாடு 14, அது 4-ஆல் வகுபடாது. காரணம், இத்தகைய அடுக்குகளை விரித்தெழுதும்போது வரும் கெழுக்களை வரிசை வரிசையாகத் தரும் பாஸ்கலின் முக்கோணத்திலேயே இருக்கிறது. ஐந்தாம் அடுக்குக்குரிய வரிசையின் ஓரத்து ஒன்றுகளை விட்டுவிட்டால் எஞ்சுபவை 5, 10, 10, 5. எல்லாம் 5-இன் மடங்குகள். நான்காம் அடுக்குக்குரிய வரிசையில் 4, 6, 4. நடுவிலுள்ள 6 இடையூறு செய்கிறது. அடுக்கு ஒரு பகா எண்ணாக இருந்தால் இந்த இடையூறு ஒருபோதும் வராது. ஆகவே ஒரு பகா எண்ணால் வகுத்து மீதியை மட்டும் பார்க்கும் மட்டு எண்கணிதத்தில், அடுக்கும் அதே பகா எண்ணாக இருக்குமானால், மாணவரின் பிழையான சூத்திரம் பிழையே இல்லை. அங்கிருந்து தொகுத்தறிதல் முறையில் இரண்டு வரிகளில், எந்த முழு எண்ணையும் ஒரு பகா எண்ணின் அடுக்குக்கு உயர்த்தினாலும் அந்தப் பகா எண்ணால் வகுக்கும்போது மீதி மாறாது என்னும் ஃபெர்மாவின் சிறிய தேற்றத்துக்குப் போய்விடலாம். அதற்கு மேலே இன்றைய எண் கோட்பாட்டிலும் இயற்கணித வடிவியலிலும் நாள்தோறும் பயன்படும், இப்படிப் பகா எண் அடுக்குக்கு உயர்த்துவதையே ஒரு சார்பாகக் கொள்ளும் ஃபுரோபீனியஸ் சார்பு நிற்கிறது.

இதைக் கேட்ட ஆசிரியர் மறுநாள் வகுப்புக்குப் போகும்போது சிவப்பு மையோடு மட்டும் போகமாட்டார். இந்தச் சூத்திரம் எந்த அடுக்குகளுக்கு எந்த எண்ணால் வகுத்தால் மீதியளவில் பொருந்துகிறது என்று கண்டுபிடித்து வரச்சொல்லும் ஒரு வேலையோடு போவார். ஆய்வாளரும் வெறுங்கையோடு திரும்புவதில்லை. தம் துறையின் அடிப்படையான ஒன்றைப் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு எந்தப் படியிலிருந்து தொடங்கிச் சொல்லலாம் என்பது அவருக்கு முதன்முறையாகத் தெரியவருகிறது. இரண்டு அறைகள் இருந்திருந்தால் இரண்டுமே நடந்திராது.

இது என் தனிப்பட்ட ஆசை என்று யாரும் எண்ண வேண்டாம். கணிதச் சங்கங்களின் வரலாற்றைப் பார்த்தால், அவற்றுள் பல இந்தக் கலப்பிலிருந்தே பிறந்தவை. 1883-இல் எடின்பரோ கணிதக் கழகத்தைத் தொடங்கியவர்கள் பள்ளி ஆசிரியர்களும் பல்கலைக்கழகத்தாரும்; அதன் முதல் தலைவர் ஜே. எஸ். மெக்கே ஒரு பள்ளியில் கணிதம் கற்பித்தவர். 1907-இல் இந்தியக் கணிதக் கழகமாகப் பின்னர் வளர்ந்த அமைப்பைத் தொடங்கிய வி. ராமசாமி ஐயர் கல்லூரிப் பேராசிரியராக இல்லை. அவர் அரசுப் பணியில் துணை ஆட்சியராக இருந்தவர். தொலைவிலிருந்த உறுப்பினர்களுக்கு வெளிநாட்டு இதழ்களையும் நூல்களையும் சுற்றுக்கு விடுவதே அந்த அமைப்பு தொடங்கியபோது ஏற்றுக்கொண்ட முதன்மையான வேலை. வட்டார அமைப்பின் தேவையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கழகத்தின் இதழில் 1911-இல் ஒரு கேள்வி வெளியானது. ஒன்றோடு இரண்டு மடங்கு வர்க்கமூலம், அந்த மூலத்துக்குள் ஒன்றோடு மூன்று மடங்கு வர்க்கமூலம், அதற்குள் ஒன்றோடு நான்கு மடங்கு வர்க்கமூலம் என்று முடிவின்றி உள்ளே போய்க்கொண்டிருக்கும் கோவையின் வர்க்கமூலம் என்ன என்பது கேள்வி. கேட்டவர் அப்போது எந்தக் கல்லூரிப் பட்டமும் பெற்றிராத சீனிவாச ராமானுஜன். மாதக்கணக்கில் யாரும் விடை அனுப்பாததால் அவரே விடையைக் கொடுத்தார்: 3. விடையின் பாதை பள்ளி மாணவருக்கும் எட்டக்கூடியது. 3 என்பது 9-இன் வர்க்கமூலம். 9 என்பது 1-உம் இரண்டு மடங்கு 4-உம். அந்த 4 என்பது 16-இன் வர்க்கமூலம். 16 என்பது 1-உம் மூன்று மடங்கு 5-உம். இப்படியே அது போய்க்கொண்டிருக்கும். ஆனால் முடிவின்றிப் போகும் அக்கோவை உண்மையிலேயே ஒரு மதிப்பை நெருங்குகிறதா என்று நிறுவுவது வேறு வேலை. அது பகுப்பாய்வுக்காரரின் வேலை. ஆங்கிலேயக் கணித அறிஞர் ஹார்டியின் மாணவரான தி. விஜயராகவன் இத்தகைய அடுக்கு மூலங்கள் எப்போது ஒருங்கும் என்பதற்கு ஒரு நிபந்தனையையே பின்னர் கண்டறிந்தார். ஒரே கேள்வி வகுப்பறைக்கும் ஆய்வறைக்கும் பொதுவாக இருக்க முடியும் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இரண்டும் பிரிந்து போனதற்கும் வரலாறு உண்டு. ஆசிரியர்களை மனத்தில் கொண்டு 1894-இல் பெஞ்சமின் ஃபிங்கெல் தொடங்கிய அமெரிக்கக் கணித மாத இதழின் பொறுப்பை ஏற்க, ஆய்வையே முதன்மையாகக் கருதிய அமெரிக்கக் கணிதக் கழகம் 1915-இல் முன்வரவில்லை. அதே ஆண்டின் இறுதியில், கல்லூரிக் கற்பித்தலைக் கவனிக்கவென்றே இன்னொரு சங்கம் ஒஹையோவில் உருவாயிற்று. இழப்பாகத் தோன்றிய அந்தப் பிரிவிலிருந்து ஒரு நன்மையும் விளைந்தது: புதிய சங்கம் நாட்டை வட்டாரப் பிரிவுகளாக அமைத்துக்கொண்டது, இன்று அவை 29. அவற்றின் கூட்டங்களில் பேராசிரியர்களோடு மாணவர்களும் மேடையேறுகிறார்கள். சிறிய கல்லூரியில் தனியொருவராகக் கணிதத் துறையை நடத்திக்கொண்டிருப்பவருக்கு இத்தகைய கூட்டம் எவ்வளவு பெரிய துணை என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள்.

1908-இல் ஜெர்மானியக் கணித அறிஞர் ஃபெலிக்ஸ் கிளைன் சுட்டிக்காட்டிய இரட்டை முறிவையும் இங்கே நினைவுகூர வேண்டும். பள்ளியிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு வரும் மாணவர், தாம் படித்ததற்கும் இங்கே படிப்பதற்கும் தொடர்பே காணாமல் திகைக்கிறார்; படித்து முடித்து ஆசிரியராகப் பள்ளிக்குத் திரும்பும்போது, பல்கலைக்கழகத்தில் கற்றதற்கும் இங்கே கற்பிப்பதற்கும் தொடர்பு காணாமல் பழைய முறையிலேயே விழுந்துவிடுகிறார். நூறாண்டுகளுக்கும் மேலாகியும் இந்த முறிவு ஆறவில்லை. பாடத்திட்டக் குழுக்களால் மட்டும் இதைச் சீராக்க முடியும் என்று நான் நம்பவில்லை. இரு கரையிலும் நிற்பவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஒரே கரும்பலகையின் முன் நிற்க வேண்டும்.

பேசும் முறை பற்றியும் சொல்ல வேண்டும். இருபது நிமிட உரையில் திரையில் நாற்பது படவில்லைகளைத் தள்ளிக்கொண்டே போய், கடைசியில் "நேரமில்லை, நிறுவலைக் கட்டுரையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று முடிப்பவர்கள் பெருகிவிட்டார்கள். வட்டாரக் கூட்டத்தில் பேசுபவர் தம் துறைக்காரருக்காகப் பேசக்கூடாது. பக்கத்துத் துறைக்காரருக்காகப் பேச வேண்டும். ஒரு கேள்வி, அந்தக் கேள்வி ஏன் எழுகிறது, சிறிய எண்களில் அது எப்படி இருக்கிறது, இதுவரை எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறோம் என்ற இவ்வளவைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினாலே போதும். முழுத் தேற்றத்தையும் சொல்லி முடிக்காததற்காக யாரும் குறை சொல்லப்போவதில்லை.

இன்னும் முடிக்கப்படாத வேலையைக் கொண்டுவருவதற்கு இடம் கொடுப்பது இன்னும் முக்கியமானது. அன்று போலந்திலும் இன்று உக்ரைனிலும் உள்ள லிவீவ் நகரில், பனாக், மசூர், உலாம் முதலிய கணித அறிஞர்கள் ஒரு காபிக் கடையில் கூடித் தீர்க்கப்படாத கணக்குகளை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தார்கள். 1936-இல் மசூர் எழுதிய ஒரு கணக்குக்குப் பரிசு உயிருள்ள வாத்து ஒன்று. அதைத் தீர்த்த சுவீடனின் பெர் என்ஃப்ளோ 1972-இல் வார்சாவில் அந்த வாத்தைப் பெற்றுக்கொண்டார். ஒரு வட்டாரத்தின் சிறு குழு எழுதிவைத்த கேள்வி, எழுதியவர்களின் ஊரையும் போரையும் கடந்து முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின் வேறொருவர் கையில் விடை கண்டது. நம் கூட்டங்களில் கடைசி ஒரு மணி நேரம் பெரும்பாலும் நன்றியுரைக்கும் சான்றிதழ் வழங்குவதற்கும் போய்விடுகிறது. அந்த நேரத்தைத் தீர்க்கப்படாத கணக்குகளுக்கும் வகுப்பில் விடை சொல்ல முடியாமல் நின்ற மாணவர் கேள்விகளுக்கும் ஒதுக்கி, அவற்றை ஒரு பொதுக் குறிப்பேட்டில் எழுதிவைத்து, அடுத்த கூட்டத்தை அதைத் திறந்தே தொடங்கலாம்.

சான்றிதழ் பற்றிய என் வருத்தத்தையும் மறைக்க விரும்பவில்லை. பதவி உயர்வுக்கான மதிப்பெண்ணுக்காகப் பெயரைப் பதிந்து, தம் உரை முடிந்த கையோடு சான்றிதழை வாங்கிக்கொண்டு புறப்படுபவர்களை நான் பல கூட்டங்களில் பார்த்திருக்கிறேன். மாலையில் பேச வந்த இளம் ஆய்வு மாணவர்கள் காலியான நாற்காலிகளைப் பார்த்துப் பேசியிருக்கிறார்கள். முதல்முறை மேடையேறும் ஒருவருக்கு இதைவிடக் கசப்பான வரவேற்பு கிடையாது. இளையவர்களின் உரைகளைக் காலையிலும் மூத்தவர்களின் உரைகளை மாலையிலும் வைத்துவிட்டால் இந்தக் குறையின் பெரும்பகுதி தானே தீரும். மூத்தவர்களும் இதற்கு இசைய வேண்டும் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. இத்தகைய கூட்டம் நடந்தால், குத்துவிளக்கு ஏற்றியவர்களின் படத்தோடும் பெயர்ப் பட்டியலோடும் செய்தியை முடித்துவிடாமல், அங்கே பேசப்பட்ட கணக்குகளில் வாசகருக்குப் புரியக்கூடிய ஒன்றையாவது அச்சிடுங்கள். மேலே சொன்ன பாஸ்கல் முக்கோணத்துக் கேள்வி போன்ற ஒன்று அரைப் பத்தியில் அடங்கிவிடும். அதற்கு விடை எழுதி அனுப்பும் மாணவர்களை அடுத்த கூட்டத்துக்கு அழைக்குமாறு அமைப்பாளர்களைக் கேட்டுக்கொள்ளும் பொறுப்பை என்னைப் போன்ற ஆசிரியர்கள் ஏற்றுக்கொள்வோம்.

இப்படிக்கு,
கணித ஆசிரியை ஒருவர்