எண்ணிய ஓட்டை எப்போது சொல்வீர்கள்?

ஆசிரியருக்கு வணக்கம்.

மயிரிழையில் வென்ற, தோற்ற தொகுதிகளைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் ராதாபுரத்துக்குக் கிடைத்தது நாலே வரி. நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரன், நடுநிலைப்பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். அந்த நாலு வரி எனக்குப் போதவில்லை.

2016 சட்டமன்றத் தேர்தலில் ராதாபுரத்தில் அ.தி.மு.க.வின் இன்பதுரை வாங்கியது 69,590 ஓட்டு, தி.மு.க.வின் அப்பாவு வாங்கியது 69,541. வித்தியாசம் 49. அன்று செல்லாது என்று தள்ளிய தபால் ஓட்டுகளில் 203-ஐப் பற்றித்தான் வழக்கே. அவற்றில் சான்றொப்பம் போட்டவர் நடுநிலைப்பள்ளித் தலைமையாசிரியர், அவர் கெஜட்டெட் அதிகாரி இல்லை என்று காரணம் சொன்னார்கள்.

தபால் ஓட்டு போடாதவர்களுக்கு இது புரியாது. ஓட்டுச்சீட்டை ஓர் உறைக்குள் வைத்து ஒட்ட வேண்டும். 13ஏ என்ற உறுதிமொழிப் படிவத்தில் ஓட்டுப் போடுபவர் கையெழுத்திட்டு, அதற்கு ஓர் அதிகாரியிடம் சான்றொப்பம் வாங்க வேண்டும். பிறகு இரண்டையும் பெரிய உறைக்குள் வைத்து அனுப்ப வேண்டும். எண்ணும் மேஜையில் முதலில் பார்ப்பது இந்த உறுதிமொழியைத்தான். அது சரியில்லை என்றால் உள் உறையைப் பிரிக்கவே மாட்டார்கள். மேலே குறிப்பெழுதிக் கட்டிவைத்துவிடுவார்கள். ஆக, அந்த 203 பேர் யாருக்குப் போட்டார்கள் என்று எண்ணியவருக்கும் தெரியாது, ஏஜெண்டுக்கும் தெரியாது.

இனி என் கதை. ஒரு தேர்தலின்போது, தேர்தல் பணிக்கான பயிற்சி வகுப்புக்குப் போயிருந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. வராந்தாவில் படிவத்தை வைத்துக்கொண்டு இளம் ஆசிரியைகள் நாலைந்து பேர் நின்றார்கள். "சார், நீங்க எச்.எம்.தானே, ஒரு கையெழுத்துப் போடுங்க சார்" என்றார்கள். எனக்குச் சந்தேகம். மேஜையில் இருந்த அலுவலரிடம் போய், நான் போடலாமா என்று கேட்டேன். அவர் தலையை நிமிர்த்தாமல், "போடுங்க சார், ஒண்ணும் ஆகாது" என்றார். ரப்பர் ஸ்டாம்பை வீட்டில் விட்டு வந்திருந்தேன். பைக்கில் போய் எடுத்து வந்து குத்தினேன். அந்த ஓட்டுகளை எண்ணினார்களா, ஓரமாகக் கட்டிவைத்தார்களா? இன்றுவரை தெரியாது. ராதாபுரம் செய்தியைப் படித்த அன்று எனக்கு வயிற்றைக் கலக்கியது என்றால் மிகையில்லை.

அப்பாவு வழக்குப் போட்டார். தேர்தல் வழக்கை 6 மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமே சொல்கிறது. சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்ததோ 2019 அக்டோபர் 1-ஆம் தேதி. மூன்று வருஷத்துக்கு மேல்! தபால் ஓட்டுகளையும், 19, 20, 21-ஆம் சுற்று இயந்திர ஓட்டுகளையும் மறுபடி எண்ணச் சொன்னது நீதிமன்றம். அக்டோபர் 4-ஆம் தேதி உயர் நீதிமன்ற வளாகத்திலேயே எண்ணினார்கள். இன்பதுரை மேல்முறையீடு செய்ததில், அன்றே உச்ச நீதிமன்றம், எண்ணுங்கள், முடிவை மட்டும் சொல்லாதீர்கள் என்று தடை போட்டது. தடை நீண்டுகொண்டே போனது. அந்தச் சட்டமன்றத்தின் ஆயுளே முடிந்து, 2021-இல் அடுத்த தேர்தலும் நடந்தது. அப்பாவு அதே ராதாபுரத்தில் ஜெயித்துச் சபாநாயகர் ஆனார். 2016-இல் அந்தத் தொகுதி யாரைத் தேர்ந்தெடுத்தது என்ற எண் மட்டும் அதுவரை வெளியே வரவில்லை.

இன்பதுரை தரப்பின் வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. அந்த ஓட்டுகள் செல்லுமா என்பதே மேல்முறையீட்டில் இருக்கும்போது எண்ணிக்கையை வெளியிட்டால், தீர்ப்புக்கு முன்பே ஒரு எம்.எல்.ஏ.வின் நாற்காலி ஆடிப்போகும். நியாயம்தான். அப்படியானால் மேல்முறையீட்டைச் சீக்கிரம் முடித்திருக்க வேண்டும். அதற்கும் சட்டம் 3 மாதம் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறது. சட்டத்தில் "முயல வேண்டும்" என்றுதான் இருக்கிறது. அந்த ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டு ஐந்து வருஷத்தை ஓட்டிவிடலாம் போல. பதவியை விட்டு இறக்குவதற்குத் தடை கொடுங்கள், புரிகிறது. எண்ணி முடித்த ஓட்டை மூடி வைப்பதற்கு, அதுவும் பதவிக்காலம் முடியும் வரைக்கும், என்னால் காரணம் காண முடியவில்லை.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. குஜராத்தின் தோல்காவில் 2017-இல் வித்தியாசம் 327, தள்ளிய தபால் ஓட்டு 429. கேரளத்தின் பெரிந்தல்மண்ணாவில் 2021-இல் வித்தியாசம் 38, எண்ணாமல் விட்ட தபால் ஓட்டு 348. அங்கே வழக்கு நடக்கும்போதே, கருவூலத்தில் பத்திரமாக இருக்க வேண்டிய ஓட்டுப் பெட்டி ஒன்று, 2023 ஜனவரியில் மலப்புரத்தில் கூட்டுறவுத் துறை அலுவலகத்தில் கிடந்தது! காலம் கடந்தால் இப்படித்தான், பெட்டிக்குக்கூடக் கால் முளைத்துவிடுகிறது.

தள்ளுபடியான தபால் ஓட்டைவிட வித்தியாசம் குறைவாக இருந்தால், முடிவை அறிவிக்கும் முன் தள்ளியவற்றை எல்லாம் மறுபடி சரிபார்த்தே ஆக வேண்டும் என்று தேர்தல் ஆணையம் இப்போது விதி வைத்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் ஒரே மேஜை, அதே அதிகாரி, அதே விளக்கம் என்றால் இரண்டாம் முறை பார்த்தும் என்ன மாறும்? அப்புறம் நீதிமன்றம்தான் கதி. தேர்தல் முடிந்த ஒரு வருஷத்துக்கு, இந்த வழக்குகளை மட்டும் தினமும் விசாரிக்க ஒவ்வொரு உயர் நீதிமன்றத்திலும் ஒரு நீதிபதியை ஒதுக்கினால் என்ன? இதை உங்கள் தலையங்கத்தில் ஒருமுறை கேளுங்கள்.

இன்னொன்று, சின்ன விஷயம். அடுத்த தேர்தல் பயிற்சி வகுப்பில், யார் யார் சான்றொப்பம் போடலாம் என்று பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி வராந்தாச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். நடுநிலைப்பள்ளித் தலைமையாசிரியர் போடலாமா கூடாதா என்பது அதில் கட்டாயம் இருக்கட்டும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்,
திருநெல்வேலி மாவட்டம்.